எழுதாமல் விட்ட தொண்ணூறு கிராம்

ஊர்ப் பெருவிருந்தில் என் நாத்தனார் கெர்டர், தன் தம்பியான என் புருஷன் தட்டில் வெந்த ஆட்டுத்தலையில் பாதியைத் தூக்கி வைத்தாளே, நான் அதை நூறு பேர் பார்க்க எடுத்து அவள் தட்டிலேயே திருப்பி வைத்தேனே, அதை நான் மறக்கவில்லை. ஊரும் மறக்கவில்லை. ஒரு வாரமாகக் கடையிலும், ஊர் கூடிக் குளிக்கும் வெந்நீர்க் குளத்திலும் அதே பேச்சுதான்.

பேசட்டும். எனக்கு வெட்கப்பட நேரமில்லை.

என் புருஷன் ஸ்டெய்னருக்கு இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து நூற்றுக்குப் பத்தொன்பது பங்குதான் வேலை செய்கிறது என்று டிசம்பரில் சொன்னார்கள். வருஷக்கணக்காக இருந்த ரத்தக் கொதிப்பு சத்தமில்லாமல் செய்துவிட்டுப் போன காரியம். புரதத்தைக் குறைக்கச் சொன்னார்கள். ஒரு நாளைக்கு ஐம்பது கிராம், அதற்கு மேல் கூடாது.

பத்தொன்பது அப்படியே நின்றால் வீட்டிலேயே இருக்கலாம். மே மாதம் படகை இறக்கலாம். இறங்கிக்கொண்டே போனால் ரத்தம் சுத்தம் செய்கிற மெஷின். அந்த மெஷின் இருக்கும் ஊர் இரண்டு மலைக் கணவாய் தாண்டி நாலு மணி நேரம். வாரத்துக்கு மூன்று தடவை போக வேண்டும். ஐஸ்லாந்தின் இந்த மூலையில் பிப்ரவரி மாதத்தில் கணவாய் வாரத்துக்கு மூன்று நாள் திறந்திருந்தாலே பெரிய விஷயம். அதனால் மெஷின் என்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும், படகைக் கைவிட வேண்டும். படகு இல்லாத ஸ்டெய்னரை நான் பார்த்ததில்லை. பார்க்க எனக்குத் தெம்பும் இல்லை.

ஆகவே ஒரு தராசு வாங்கினேன்.

பள்ளிக்கூடச் சமையலறையில் அறுபது பிள்ளைகளுக்கு அளந்து போடுகிறவள் நான். ஒரு ஆளுக்கு அளக்க முடியாதா? காலையில் அவன் கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஸ்கிர் தயிரை நிறுத்தினேன். தண்ணீரில் காய்ச்சிய ஓட்ஸ் கஞ்சி கொடுத்தேன். மீனைக் கட்டைவிரல் அளவுக்கு நறுக்கினேன். உருளைக்கிழங்கைத் தராசில் வைத்து நிறுத்தேன். எல்லாவற்றையும் நீல நோட்டில் எழுதினேன். எட்டு வாரம், ஒரு வேளை விடாமல்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையிலும் எழுதினேன். கஞ்சி இருநூற்றைம்பது, வெண்ணெய் தடவிய ரொட்டி ஒன்று. அவன் ஜாக்கெட்டில் கையுறை, குல்லாய், கருவாட்டுப் பை எல்லாம் இருக்கிறதா என்று பார்த்து மாட்டிவிட்டேன். இருவரும் காரில் ஏறினோம். அன்றைக்குத்தான் டாக்டர் பிர்னா பக்கத்து ஊர் கிளினிக்குக்கு வருகிற நாள்.

போன வாரம் ஒரு நாள் முழுக்க அவன் சிறுநீரைப் பெரிய பிளாஸ்டிக் கேனில் பிடித்து அனுப்பியிருந்தோம். அதுவரை கேன் ஃப்ரிட்ஜில் பாலுக்குப் பக்கத்தில் இருந்தது. கெர்டர் வந்து ஃப்ரிட்ஜைத் திறந்தவள், “என்னடா தம்பி, வீட்டுலயே பீர் போட ஆரம்பிச்சுட்டீங்களா?” என்று கேட்டாள். அன்றைக்குச் சிரித்தோம். அதுதான் நாங்கள் கடைசியாகச் சிரித்தது.

“பதினாறு,” என்றார் பிர்னா.

ஸ்டெய்னர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே யாரோ பனி தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

“எட்டு வாரத்துல மூணு குறைஞ்சிருக்கு. நிக்கும்னு நெனச்சேன். நிக்கல.”

எனக்கு நெஞ்சு அடைத்துக்கொள்ளும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

பிர்னா நீல நோட்டைப் புரட்டினார். “ஸ்வாலா, இவ்வளவு சுத்தமா யாருமே எழுதிக் கொண்டுவந்ததில்ல.”

அந்த நேரத்திலும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கக்கேடு.

“நோட்டுப்படி ஒரு நாளைக்கு நாப்பத்தொம்பது, அம்பது கிராம் வருது. ஆனா கேன் வேற சொல்லுது. நூத்தியிருபதுக்குப் பக்கத்துல.”

“கேன் எப்படிச் சொல்லும்?”

“சாப்பிட்ட புரதம் கடைசியில யூரியாவா மாறி அதுலதான் வந்து சேரும். அதை வச்சு எவ்வளவு உள்ள போச்சுன்னு கணக்குப் போட்டுடலாம்.”

“அப்ப நான் பொய் எழுதியிருக்கேன்னு சொல்றீங்களா?”

“ஐயோ, இல்லங்க. தட்டுல வைக்கிறது எல்லாத்தையும் எழுதறீங்கல்ல?”

“எல்லாத்தையும். கிழங்கு முதக்கொண்டு.”

“ஸ்டெய்னர், வெளிய எங்கயாவது சாப்பிடறீங்களா? திட்ட மாட்டேன், சும்மா சொல்லுங்க.”

“இல்ல,” என்றான் ஸ்டெய்னர்.

கொஞ்சம் தாமதமாகச் சொன்னான். முப்பது வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு அந்தத் தாமதம் கேட்கும்.

“அக்கா வீட்டுல காபி. அவ்வளவுதான்,” என்றான் பிறகு. காது மடல் சிவந்திருந்தது.

பிர்னா நிதானமாகப் பேசினார். புரதம் ஒன்றுதான் காரணம் என்று தான் சொல்ல மாட்டேன் என்றார். ஆனால் மாத்திரை போகக் கையில் இருப்பது அது ஒன்றுதான். நாலு வாரம் கழித்து மறுபடி பரிசோதனை. பதினைந்துக்குக் கீழே போனால் மெஷினுக்காகக் கையில் ரத்தக் குழாயைத் தயார் செய்யும் ஆபரேஷனுக்குத் தேதி குறித்துவிடுவார்கள்.

“எந்தக் கை?” என்று கேட்டான் ஸ்டெய்னர்.

“நீங்க எந்தக் கைப் பழக்கம்?”

“வலது.”

“அப்ப இடது.”

“சரி,” என்றான், யாரோ திருகாணி அளவு சொன்னதுபோல.

திரும்பும்போது காரை நான்தான் ஓட்டினேன். அவன் பாக்கெட்டிலிருந்து ஒரு துண்டு கருவாட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். எனக்கும் ஒன்று நீட்டினான். எங்கள் ஊர்க் கருவாட்டுக்கு உப்பும் கிடையாது, அடுப்பும் கிடையாது. கடல் காற்றில் காய்ந்ததை அப்படியே பிய்த்து மெல்ல வேண்டியதுதான். மென்றேன். வாய் வேலையாக இருந்தால் பேச வேண்டியதில்லை.

துறைமுகத்தில் தூண்டில் கொட்டகை வாசலில் அவனை இறக்கிவிட்டேன். கடலுக்குப் போகக் கூடாது என்று சொன்ன நாளிலிருந்து அவன் மற்ற படகுகளுக்குத் தூண்டிலில் இரை கோத்துக் கொடுக்கிறான்.

“ஸ்வாலா,” என்றான் இறங்கும்போது. “நான் எதுவும் திங்கல.”

“சரி.”

“நெஜமா.”

“சரின்னேன்ல.”

நான் நம்பவில்லை. செவ்வாயும் வியாழனும் வேலை முடிந்ததும் அக்கா வீட்டுக்குப் போகிறான். முன்பெல்லாம் போக மாட்டான். ஜனவரியிலிருந்துதான் இந்தப் புதுப் பாசம். ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவான். கேட்டால் காபி என்பான். கெர்டர் வீட்டு உத்தரத்தில் புகையில் வாட்டிய ஆட்டுத்தொடை வருஷம் பூராவும் தொங்கும். எனக்கு இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரியாதா?

வண்டியை நேராக அவள் வீட்டுக்கு விட்டேன். எங்கள் வீட்டுக்கு எதிர் வீடு. எங்கள் தெருவில் கதவைத் தட்டுகிற வழக்கமும் இல்லை, பூட்டுகிற வழக்கமும் இல்லை. திறந்துகொண்டு உள்ளே போனேன்.

கெர்டர் சமையலறையில் கண்ணாடி போட்டுக்கொண்டு ஏதோ கடிதம் படித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அதன்மேல் செய்தித்தாளை இழுத்துப் போட்டாள். கடித உறையின் மூலையில் தலைநகர் ஆஸ்பத்திரி முத்திரை எட்டிப் பார்த்தது. நான் அதைக் கண்டேன், ஆனால் யோசிக்கவில்லை. சண்டைக்கு வந்தவளுக்கு யோசனை எங்கே வரும்?

“வா வா. என்ன சொன்னாங்க? எவ்வளவு?” என்று கேட்டபடியே எனக்கு ஒரு கோப்பை காபி ஊற்றி வைத்தாள்.

“பதினாறு.”

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். “அடக் கடவுளே.”

“கடவுள விடு. நீ சொல்லு. அவனுக்கு என்ன குடுக்கற?”

“என்ன குடுக்கறேன்?”

“நடிக்காத கெர்டர். ஒரு நாளைக்கு எழுபது கிராம் எங்கிருந்தோ உள்ள போகுது. என் வீட்டுல இல்ல. நான் நிறுத்துப் போடறேன்.”

“காபி குடுக்கறேன். கருப்புக் காபி. பால்கூட ஊத்தறதில்ல.”

“ஆட்டுத்தொடை?”

“அது அங்கயேதான் தொங்குது, போய்ப் பாரு. கத்தி பட்டிருக்கான்னு பாரு.”

“விருந்துல தலையத் தூக்கி வச்சவ நீ. டாக்டருக்கு ஆட்டப் பத்தி என்ன தெரியும்னு கேட்டவ நீ.”

“கேட்டேன். முட்டாள்தனம்தான். மறுநாளே அவன்கிட்ட மன்னிப்பும் கேட்டேன். உன்கிட்டதான் கேக்கல, உன் மூஞ்சியப் பாத்தா கேக்கத் தோணல.”

“பின்ன எதுக்கு வாரத்துக்கு ரெண்டு தடவ வந்து உக்காந்துட்டுப் போறான்? ரெண்டு பேரும் என்ன ஒளிக்கறீங்க?”

அவள் கை செய்தித்தாளின் மேலேயே இருந்தது.

அப்போதுதான் அதைச் சொன்னேன். கத்திச் சொல்லவில்லை. கத்தியிருந்தாலாவது கோபத்தில் சொன்னதாகப் போயிருக்கும். சாப்பாட்டுக்கு உப்பு கேட்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னேன்.

“அவன் மெஷின்ல படுத்தா அது உன் கையால, கெர்டர். நீ பாசம்னு நெனச்சுக் கொன்னுட்டிருக்க.”

அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அறுபத்து மூன்று வயசுக்காரி, இரண்டு தடவை கடலுக்கு ஆளைக் கொடுத்தவள். மெதுவாக எழுந்து எனக்காக ஊற்றி வைத்திருந்த காபியைத் தொட்டியில் கொட்டினாள்.

“ஒண்ணு தெரிஞ்சுக்க,” என்றாள். “இந்த வீட்டுல அவன் ஒரு வாய் தின்னதில்ல. திங்கறதுக்கு வாய் காலியா இருந்தாத்தானே? வரும்போதே மென்னுகிட்டேதான் வருவான். போகும்போதும் மென்னுகிட்டேதான் போவான்.”

“என்னத்த?”

“என்னை ஏன் கேக்கற? பைய நெரப்பி அனுப்பறது நீதான். இப்பப் போ.”

தெருவைக் கடக்க இருபது அடி. பாதியில் நின்றுவிட்டேன்.

என் வாயிலும் ஒரு துண்டு இன்னும் இருந்தது. காரில் மென்றதன் மிச்சம், கன்னத்துக்குள் ஒதுங்கிக் கிடந்தது. துப்பினேன்.

வீட்டுக்குள் போய்ப் பூட்ஸைக் கழற்றாமலே சமையலறைக்கு நடந்தேன். அடுப்புக்கு மேல் அலமாரியில் கருவாட்டு டப்பா. கடற்கரையில் எங்கள் பலகைக் கொட்டகையில் நானே தொங்கவிட்டுக் காயவைத்து, கல்லில் வைத்துச் சுத்தியலால் நானே அடித்து மிருதுவாக்கியது. கல்யாணமான முதல் குளிர்காலத்திலிருந்து தினமும் காலையில் அவன் பாக்கெட்டில் நான்தான் வைக்கிறேன். கையுறை இல்லாமல் ஒரு ஆணை வெளியே அனுப்புவோமா? அப்படித்தான் இதுவும்.

முன்பு ஒரு துண்டு வைப்பேன். டிசம்பரிலிருந்து ஒரு கை நிறைய வைத்தேன்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். பாவம், பசிக்குமே என்றுதான். மீனைக் கட்டைவிரல் அளவுக்குக் குறைத்துவிட்டேனே, தயிரை நிறுத்திவிட்டேனே, குளிரில் பசியோடு உட்கார்ந்து இரை கோக்கிறானே என்று.

வழக்கமாக எடுக்கிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு ஒரு கை அள்ளினேன். தராசில் வைத்தேன். தொண்ணூறு கிராம்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த பட்டியலை எடுத்தேன். முதல் இரண்டு பக்கமும் என் விரல் பட்டுப் பட்டு அழுக்காகிக் கிடந்தது. கடைசிப் பக்கம் புத்தம் புதுசு. அங்கே ஒரு வரியில் இருந்தது: காய்ந்த மீன், நூறு கிராமில் புரதம் எண்பது கிராம்.

தொண்ணூறுக்கு எழுபத்திரண்டு. நோட்டில் இருந்தது ஐம்பது. கூட்டினால் நூற்றியிருபத்திரண்டு. கேன் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

விருந்தன்றும் அப்படித்தான். ஆட்டுத்தலையைப் பிடுங்கி வீரம் காட்டிவிட்டு, மேசை நடுவில் வெண்ணெயோடு வைத்திருந்த கருவாட்டுத் தட்டை நானே அவன் பக்கம் தள்ளிவிட்டேன். ‘இதையாவது மெல்லு’ என்றுகூடச் சொன்னேன்.

அழுகை வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தராசைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு துறைமுகத்துக்கு நடந்தேன்.

கொட்டகையில் ஸ்டெய்னர் தனியாக இருந்தான். மற்றவர்கள் காபிக்குப் போயிருந்தார்கள். நான் தராசை இரை மீன் வாளிக்குப் பக்கத்தில் வைத்ததும் அவன் என்னைப் பார்த்தான், தராசைப் பார்த்தான்.

“இங்கயும் வந்துட்டியா அதைத் தூக்கிட்டு?”

“பாக்கெட்ட காலி பண்ணு.”

“எதுக்கு?”

“பண்ணேன்.”

பையை எடுத்துக் கவிழ்த்தான். நாற்பது கிராம் மிச்சம் இருந்தது. மணி மூன்றுகூட ஆகவில்லை.

“கருவாடுதானே,” என்றான். “அது சாப்பாடு இல்லையே, ஸ்வாலா.”

“ஆமா. நானும் அப்படித்தான் நெனச்சேன்.”

பட்டியலின் கடைசிப் பக்கத்தை நீட்டினேன். படித்தான். மறுபடி படித்தான். இரை கோக்கிற விரல்களில் ரத்தமும் செதிலும் ஒட்டியிருந்தன, காகிதத்தில் பட்டுவிடக் கூடாது என்று ஓரத்தை மட்டும் பிடித்திருந்தான்.

“நீ ஒண்ணும் வேணும்னு செய்யலையே,” என்றான்.

“வேணும்னு செஞ்சா என்ன, செய்யாட்டி என்ன? மூணு போச்சு. திரும்பி வராது.”

“வராதுதான்.”

ஆறுதல் சொல்லவும் தோன்றவில்லை, சண்டை போடவும் தோன்றவில்லை. மரத்துப்போன காலில் நிற்கிற மாதிரி நின்றோம்.

“கெர்டர் வீட்டுக்குப் போனேன்,” என்றேன். “அவதான் உனக்குப் போடறான்னு சொல்லிட்டேன். அவ கையாலதான் நீ சாகப்போறன்னு சொல்லிட்டேன்.”

அப்போதுதான் அவன் முகம் மாறியது. பதினாறுக்கு மாறாத முகம், இடது கைக்கு மாறாத முகம்.

“இன்னிக்கா? இன்னிக்கா சொன்ன?”

“இன்னிக்குத்தான். ஏன்?”

அவன் கவிழ்த்து வைத்திருந்த பெட்டியில் உட்கார்ந்தான்.

“அவ ஜனவரியிலேர்ந்து பரிசோதனைக்கு ரத்தம் குடுத்துட்டிருக்கா. ஸ்கேன், அது இதுன்னு ரெண்டு தடவ தலைநகருக்குப் போய்ட்டு வந்தா. உன்கிட்ட மகளப் பாக்கப் போறேன்னு சொன்னா. பொருந்திச்சுன்னா அவளோட சிறுநீரகத்துல ஒண்ண எனக்குத் தரேன்னா. பொருந்தாட்டி ஸ்வாலா ஏமாந்துடுவா, முடிவு தெரியற வரைக்கும் சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிட்டா. அதப் பத்திப் பேசத்தான் போவேன். எத்தனை நாள் பாரம் தூக்கக் கூடாது, எத்தனை நாள் நடக்க முடியாது, அதெல்லாம்.”

“முடிவு எப்ப?”

“இன்னிக்குக் கடிதம் வரும்னாங்க.”

செய்தித்தாளுக்குக் கீழே எட்டிப் பார்த்த உறை என் கண்முன் வந்து நின்றது. கண்ணாடி போட்டுக்கொண்டு அவள் அதைத்தான் படித்துக்கொண்டிருந்தாள். எனக்குக் காபி ஊற்றி வைத்திருந்தாள். ‘வா வா’ என்றாள்.

“என்ன போட்டிருந்துச்சு அதுல?” என்று கேட்டான் ஸ்டெய்னர்.

“நான் கேக்கல,” என்றேன். “நான் ஆட்டுத்தொடையப் பத்திக் கேட்டுட்டிருந்தேன்.”

வெளியே வந்தபோது பனி பிடித்திருந்தது. ஓடவில்லை, நடந்தேன். ஓடினால் என்ன சொல்வது என்று யோசிக்க நேரமிருக்காது. நடந்தும் ஒன்றும் தோன்றவில்லை. தராசு துணிப்பையில் முழங்காலில் இடித்துக்கொண்டே வந்தது.

கெர்டர் சமையலறையில் விளக்கு எரிந்தது. ரேடியோவில் கடல் வானிலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் அவள் நிழல் மேசையிலிருந்து அலமாரிக்குப் போனது.

கைப்பிடியைத் திருப்பித் தள்ளினேன். திறக்கவில்லை. பனியில் இறுகிவிட்டதோ என்று தோளைக் கொடுத்துத் தள்ளினேன்.

பூட்டியிருந்தது.

இந்தக் கதவுக்குச் சாவி உண்டு என்பதே எனக்குத் தெரியாது. முப்பது வருஷமாகத் திறந்துகொண்டு போன கதவை முதல் தடவையாகத் தட்டினேன்.

“கெர்டர், நான்தான்.”

ரேடியோ நின்றது.

“நான்தான் குடுத்தேன், கெர்டர். தெனமும் காலையில, என் கையால, நான்தான்.”

உள்ளே அவள் கதவு வரை நடந்து வந்தது கேட்டது. பலகைக்கு அந்தப் பக்கம் அவள் மூச்சுவிடுவதுகூடக் கேட்டது. சாவி திரும்பவில்லை.